பூரணத்தின் தம்பிக்கு ஒரு பெயர்

1

சென்ற வாரம் நாகப்பட்டினத்திலிருந்து வந்த கப்பலில் எங்கள் தெருக்காரர் ஒருவர் ரங்கூனில் வந்து இறங்கினார். அரிசி ஆலையில் கணக்கு வேலைக்கு வந்தவர். சித்தி கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாயைச் சேர்ப்பதற்காக ஆற்றைத் தாண்டி டாலாவில் இருக்கும் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். காப்பியைக் குடித்து முடித்த பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்.

"உங்க சித்தி ஒரு சங்கதி கேட்டு வரச் சொன்னாங்க. பேரனுக்குக் கீரைன்னு பேர் வச்சிருக்கீங்களாமே. அரைக்கீரையா முருங்கைக்கீரையான்னு கேட்டாங்க."

நான் சிரித்துவிட்டேன். என் மகன் சிரிக்கவில்லை. அவன் தமிழ் அரைகுறைதான் என்றாலும் தன்னைப் பற்றிய பேச்சு என்றால் அவனுக்குப் புரிந்துவிடும். அக்காவின் முழங்கையைப் பிடித்து இழுத்து, "மமா, என்னவாம்?" என்று பர்மிய மொழியில் கேட்டான்.

வந்தவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். "பையன் இந்தப் பொண்ணையா அம்மாங்கிறான்?"

பர்மிய மொழியில் மமா என்றால் அக்கா என்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டினார். ஆனாலும் அவர் கண் என் மகளையும் மகனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தது. அவள் நல்ல கறுப்பு. அவன் வெள்ளைக்காரப் பிள்ளை போலவே இருப்பான், தலைமுடிகூடச் செம்பட்டை. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகளா என்று அவர் வாயால் கேட்கவில்லை. வாயால் கேட்காதவர்களுக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம்.

இந்த மாதத்தோடு என் மகனுக்கு ஆறு வயது நிறைகிறது. சித்திக்கும், சித்தியைப் போல ஊரில் இருந்துகொண்டு கேட்கிற மற்றவர்களுக்கும், அவனுக்குப் பெயர் வந்த கதையைச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

என்னைத் தெரியாதவர்களுக்காக நாலு வார்த்தை. என் பெயர் சூசையம்மாள். முதல் புருஷன் அந்தோணியோடு ரங்கூனுக்கு வந்தேன். போட்டாதாங் துறையில் சரக்குக் கிட்டங்கி குமாஸ்தாவாக இருந்தார். மகள் பூரணத்துக்கு மூன்று வயதாகும்போது விஷக்காய்ச்சலில் போய்விட்டார். ஊருக்குத் திரும்பி வரச் சொல்லி ஆள்மேல் ஆள் வந்தது. நான் போகவில்லை. கன்னியாஸ்திரீகள் நடத்தும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்திருந்தது. ஊரில் விதவையாக ஒரு மூலையில் இருப்பதைவிட இங்கே தையல்காரியாக இருப்பது மேல் என்று எனக்குப் பட்டது.

மைக்கேல் டோலன் ஆற்றுக் கப்பல் என்ஜினியர். அயர்லாந்துக்காரர். எங்கள் மாதா கோயிலுக்குத்தான் வருவார். வெள்ளைக்காரர்கள் உட்காரும் முன்வரிசையை விட்டுவிட்டுக் கடைசியில் தூண் ஓரமாக நிற்பார். எஞ்சின் எண்ணெய் வாடைக்காக அப்படி என்று பிற்பாடு சொன்னார். கரி அள்ளும் கூலிகளிடம் தமிழ் கற்றவர் என்பதால் அவருக்கு மரியாதைப் பன்மையே தெரியாது. உபதேசியாரைப் பார்த்து "வாடா, உட்காரு" என்று அன்பாகச் சொல்லிவிடுவார். என்னைக் கலியாணம் செய்துகொள்ளக் கேட்டதும் அந்தத் தமிழில்தான்.

கலியாணத்தால் இரண்டு பக்கமும் கதவு சாத்திக்கொண்டது. அவருடைய சிநேகிதர்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார்கள். எங்கள் ஜனங்கள் நிறுத்தவில்லை. வந்து உட்கார்ந்து பூரணத்தை இரக்கமாகப் பார்த்தார்கள். அதற்கு அவர்களும் வருவதை நிறுத்தியிருக்கலாம். நகரத்துக்குள் வீடு பார்க்கப் போன இடங்களில் ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். கடைசியில் கப்பல் பட்டறைக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று டாலாவில் மரவீடு ஒன்றுக்கு வந்து சேர்ந்தோம். பக்கத்து வீட்டில் மா டின் என்கிற பர்மியப் பெண். அவள் ஒருத்திதான் எங்களை என்ன ஏது என்று கேட்காதவள்.

பூரணம் அவரைத் துரை என்று கூப்பிட்டாள். நான் திருத்தப் பார்த்தேன். "விடு, அவ வாய்க்கு வர்றதைச் சொல்லட்டும்" என்றார் அவர்.

3

பிள்ளை பிறந்தபோது அவர் மாந்தலே பக்கம் ஆற்றில் இருந்தார். மழைக்காலம். மா டின்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை பிறந்ததால் அவர்கள் முறைப்படி பெயர் இன்ன எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்று அவளே முடிவு செய்து, "மவுங் தான்" என்று கூப்பிடத் தொடங்கினாள். பர்மியர்களுக்குக் கிழமைதான் பெயர் கொடுக்கிறது. நம்மவர்களுக்குத் தாத்தா கொடுக்கிறார். எனக்கோ பெயர் கொடுக்க வேண்டியவர் ஆற்றில் இருந்தார். அவர் வந்து வைக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் பிரெஞ்சுச் சாமியாருக்கு இது பிடிக்கவில்லை. ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்று இரண்டு தடவை ஆள் அனுப்பினார். பிள்ளை திடமாக இருந்ததால் நானும் சமாதானம் சொல்லி அனுப்பினேன். அதுவரை அவன் எல்லோருக்கும் தம்பிதான். பூரணத்துக்கு அந்த ஒரு பெயரே போதுமாக இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் அவனைத் தூக்கிக்கொள்வாள்.

எனக்கு உடம்பு தேறியதும், சாமியாரை நேரில் பார்த்துச் சொல்லிவிட்டு வரலாம் என்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அக்கரைக்குப் போனேன். நீராவிப் படகில் நல்ல கூட்டம். நான் சீட்டு வாங்கும் இடத்தில் நின்றேன். பூரணம் தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னால் ஏறிவிட்டாள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஏறும்போது மேல்வகுப்புப் பெஞ்சில் இருந்த ஆங்கிலோ இந்தியச் சட்டைக்கார அம்மாள் ஒருத்தி அவளிடம் இங்கிலீஷும் தமிழும் கலந்து பேசிக்கொண்டிருந்தாள்.

"வெயில்ல ஏன் நிக்கிறே? பேபிக்கு ஆகாது. இந்தா, இந்த நிழலுக்கு வா. உங்க மேம்சாப் எங்கே?"

என் மகள் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றாள். பிறகு சொன்னாள்:

"பின்னால வர்றாங்க."

அந்த அம்மாள் பையிலிருந்து ஒரு பிஸ்கோத்து எடுத்துக் கொடுத்தாள். "நல்ல ஆயா. கெட்டியாப் பிடிச்சுக்கோ." பூரணம் வாங்கிக்கொண்டாள்.

நான் அருகில் போய், "இவ என் மக. அது இவ தம்பி" என்றேன். அந்த அம்மாள் என்னையும் பிள்ளையையும் பார்த்துவிட்டு, ஓ என்று ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கெட்டவள் இல்லை. கண்ணுக்குப் பட்டதைச் சொன்னாள். என்னை அறுத்தது அவள் பேச்சு இல்லை. ஒன்பது வயதுப் பெண் ஒரு நிமிஷம் யோசித்து, இல்லை என்று சொல்வதைவிட ஆமாம் என்று சொல்வது சுலபம் என்று கண்டுகொண்டாளே, அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவனை வீட்டுக்குள் மட்டும்தான் தூக்கினாள். வாசற்படி வந்தால் என்னிடம் கொடுத்துவிடுவாள். "அவனைக் கடைக்குத் தூக்கிட்டுப் போயிட்டு வாயேன்" என்று சொல்லிப் பார்த்தேன். "நீயே தூக்கிட்டுப் போம்மா, என்னைப் பார்த்தா என்ன நினைப்பாங்க" என்றாள். அழுதுகொண்டு சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். அழுதிருந்தால் நான் ஏதாவது தேறுதல் சொல்லியிருப்பேன்.

4

அவர் ஆற்றிலிருந்து வந்து சேர்ந்த அன்று பிள்ளையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் படகில் நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். குனிந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாப்பாட்டு மேஜையில் பெயர்ப் பேச்சை எடுத்தார். ஜார்ஜ், எட்வர்ட் என்ற ராஜாக்கள் பெயர் வேண்டாம் என்பதில் அவர் உறுதி. அவர் ஊரில் அப்போது இங்கிலீஷ்காரர்களோடு சண்டை நடந்து கொண்டிருந்த காலம். அவர் அதைப் பற்றிப் பேச மாட்டார். ஆனால் பத்திரிகை வந்தால் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திருப்புவார். தன் தகப்பனார் பெயரை வைக்க வேண்டும் என்று சொல்வாரென்று எதிர்பார்த்தேன். அதுவும் இல்லை. என்னிடம் நீளமாகப் பேசும்போது இங்கிலீஷில் பேசுவார். அதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"எங்கள் வீட்டில் ஏழு பிள்ளைகள். சாப்பாட்டு நேரத்தில் எங்கள் அம்மா வாசலில் நின்று எல்லாரையும் கூப்பிடுவாள். ஒரே மூச்சில் ஏழு பெயரும் வரும். ஒன்றோடு ஒன்று பொருந்தும்படி வைத்திருந்தாள். இங்கே பூரணம்தான் மூத்தவள். அவள் முதலில் வந்துவிட்டாள். இவன் பெயர்தான் அவள் பெயருக்குப் பொருந்த வேண்டும்."

பூரணம் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் ஓரளவு தெரியும்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் வாசலில் போய் நின்றுகொண்டு உரக்கக் கூப்பிட்டுப் பார்த்தார். "பூரணம், பிரெண்டன்." உள்ளேயிருந்து நான், "பிரண்டைத் துவையல்னு சொல்லுவாங்க" என்றேன். "பூரணம், ஃபின்டன்." அந்த முதலெழுத்து எங்கள் ஜனங்களுடைய வாயில் வராது, பிண்டன் என்பார்கள், பிள்ளைக்கு அது ஆகாது என்றேன். "பூரணம், கோலம்." அதற்குப் புறா என்று அர்த்தமாம். பூரணத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. "துரை, கோலம்னா வாசல்ல போடுறது" என்றாள். படகில் நடந்ததற்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். மா டின் தன் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, யாரைத் தேடுகிறீர்கள், காணாமல் போன பிள்ளைகள் இத்தனை பேரா என்று கேட்டாள்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இது விளையாட்டாகத் தோன்றும். நம் ஊரில் பிள்ளைக்குப் பெயர் வைப்பது பெரும்பாலும் முன்பே முடிவான காரியம். இங்கே ஒரு பெயரை வைத்தால் தமிழர், பர்மியர், வெள்ளைக்காரர் மூன்று வாயிலும் அது என்னவாகும் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. எந்தப் பள்ளிக்கூடம் சேர்க்கும், எந்தப் பெஞ்சில் உட்கார விடுவார்கள் என்பதையெல்லாம் அது தீர்மானிக்கிறது. வெறும் கூப்பிடு சொல் என்று விட முடியாது.

5

இரண்டு நாள் கழித்து, பூரணம் தூங்கிவிட்டாள் என்று எண்ணி அவர் என்னிடம் சொன்னார்: "கீரன் என்று ஒரு பெயர் இருக்கிறது. எங்கள் பழைய பாஷையில் சின்னக் கறுப்பன் என்று அர்த்தம்."

எனக்குச் சுருக்கென்றது. "இந்த நிறத்தில இருக்கிற பிள்ளைக்குக் கறுப்பன்னா பேரு? கேட்டவங்க சிரிப்பாங்க. சிரிச்சுட்டு, பக்கத்தில நிக்கிற என் மகளைத் திரும்பிப் பார்ப்பாங்க."

"இப்போது பார்க்காமலா இருக்கிறார்கள்?" என்றார்.

"பார்க்கிறது வேற. நாமே காட்டிக் கொடுக்கிறது வேற. அவளைப் பள்ளிக்கூடத்தில என்ன சொல்லிக் கூப்பிடுறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? கறுப்பி. அந்த வசவையா இவனுக்குப் பேரா வைக்கப் போறீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் திரை விலகியது. பூரணம் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகக் கேட்டாளோ. என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்க ஊர்ல கறுப்புன்னா வசவா?"

அவர் தன் கூலித் தமிழில் பதில் சொன்னார். "இல்லே. வசவு இல்லே. அம்மா சொல்ற செல்லம். எனக்கு அண்ணன் இருக்கான். கீரன். தலைமுடி கரி மாதிரி. எங்க அம்மா வாசல்ல நின்னா மொதல்ல அவன் பேர்தான் கூப்பிடும். அப்புறம்தான் நாங்க."

"இப்ப எங்க இருக்காங்க?"

"ஊர்ல. ஆடு மேய்க்கிறான். முடி எல்லாம் நரைச்சுப் போச்சு. வெள்ளை வெளேர்னு இருக்கு. பேர் மட்டும் கறுப்பு. எவனும் சிரிக்க மாட்டான்."

பூரணம் தொட்டிலை எட்டிப் பார்த்தாள். "தம்பிக்கு அதை ஏன் வைக்கணும்? அவன் முடியும் கறுப்பு இல்லியே."

அவர் சரியான தமிழ்ச் சொல்லைத் தேடினார். கிடைக்காமல் இங்கிலீஷிலேயே மெதுவாகச் சொன்னார். "வெள்ளைக்காரர்கள் அவனைப் பார்த்து நீ எங்கள் பிள்ளை என்று சொல்லப் போகிறார்கள். உன்னை வெளியே நிறுத்தப் போகிறார்கள். அவன் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அவன் உன்னைச் சேர்ந்தவன் என்று அவனுக்கே தெரிய வேண்டும். ஆனால் உனக்குப் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம். வேறு பெயர் பார்க்கலாம். நீ சொல்வதுதான்."

அர்த்தத்துக்காகவே இந்தப் பெயரை அவர் தேடியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. பூரணமோ பெரிய மனுஷி மாதிரி, "யோசிச்சுச் சொல்றேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள். சாமியாரின் ஆள் மூன்றாம் முறை வந்தான். டோலன் அவசரப்படுத்தவே இல்லை. அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் என்னை விடவில்லை. எனக்குள் பயம்தான். அவள் வேண்டாம் என்றால் பெயர் போகிறது. ஆனால் எதற்காக வேண்டாம் என்கிறாளோ, அது அவளோடு தங்கிவிடும்.

ஒரு காலையில் நான் அடுப்படியிலிருந்து வந்தபோது தொட்டில் காலியாக இருந்தது. வாசலுக்கு வந்தேன். பூரணம் தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு சகதியில் பலகை போட்ட வழியாக மா டின் வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். மா டின் வீட்டில் சந்தைக்குப் போகும் பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் பர்மிய மொழியில் அவர்களிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"இவன் என் தம்பி. பேர் கீரன். எங்க துரை ஊர்ல கறுப்புப் பையன்னு அர்த்தம்."

பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மா டின் மட்டும், "வெள்ளிக்கிழமைப் பிள்ளைக்கு அந்த எழுத்து வராதே" என்று கவலைப்பட்டாள்.

"எங்க வீட்டில வரும்" என்றாள் பூரணம்.

6

ஞானஸ்நானம் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இந்தப் பெயரில் அர்ச்சியசிஷ்டவர், அதாவது புனிதர், யாராவது உண்டா என்று பிரெஞ்சுச் சாமியாருக்குச் சந்தேகம். ஒரு டஜன் பேர் இருக்கிறார்கள், எங்கள் ஊரில் வேறு விளைச்சல் இல்லை என்றார் டோலன். பள்ளிக்கூடத்துத் தமிழ் ஆசிரியர் வேறொரு சங்கதி சொன்னார். கீரன் என்பது நம்முடைய பழைய காலத்துப் பெயராம், அந்தக் காலத்தில் நிறையப் பேருக்கு இருந்ததாம். இதைப் படிக்கும் உங்களில் தமிழ் கற்றவர்களும் அதையேதான் நினைத்திருப்பீர்கள். சித்திக்கும் இதைச் சொல்லி அனுப்பப் போகிறேன், மனசு ஆறிவிடும். ஆனால் நாங்கள் அதற்காக வைக்கவில்லை.

ஒரு பெயரால் எல்லாம் நேராகிவிட்டது என்று சொன்னால் அது பொய். படகில் இன்னும் அவளை ஆயா என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் அவனை இப்போதே சேர்த்துக்கொள்ளத் தயார். அவளை ஒருநாளும் சேர்த்திருக்க மாட்டார்கள். அவனை அங்கே அனுப்புவதா என்று நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. அவளுக்குப் பதினைந்து வயதாகிறது. அக்கரையில் க்யிம்யிண்டைங் மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். வாரத்தில் ஐந்து நாள் அங்கேயே தங்க வேண்டும். டோலனை இன்றைக்கும் துரை என்றுதான் கூப்பிடுகிறாள். அப்பா என்பதற்குப் பதிலாக எங்கள் வீட்டில் உள்ள சொல் அது என்று நானும் பழகிவிட்டேன்.

7

கடந்த கோடையில் ஒருநாள் மத்தியானம் கீரனைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனால், ஆற்றங்கரையில் படகு கவிழ்த்துப் போட்டிருக்கும் வெட்டவெளியில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கைகளை விரித்துக்கொண்டு நின்றான். தோள் இரண்டும் செக்கச் செவேலென்று கன்றிப்போயிருந்தன. பூரணம்தான் ஓடிப்போய்த் தூக்கினாள்.

வீட்டில் மா டின் அரைத்துக் கொடுத்த தனக்காவைக் குழைத்து அவள் அவன் முதுகில் பூசினாள். பர்மியப் பெண்கள் வெயிலுக்கு முகத்தில் பூசுகிற சந்தனம் மாதிரியான கட்டை அது. எரிச்சலில் அவன் நெளிந்தான்.

"வெயில்ல ஏன்டா நின்னே?"

"எல்லாரும் கேக்கிறாங்க. பேர் கறுப்பு, நீ கறுப்பு இல்லேன்னு. நானும் தினம் கையைப் பாக்கிறேன், ஒண்ணும் ஆகலே." அவன் தன் கையை அவள் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தான். "மமா மாதிரி ஆக இன்னும் எத்தனை நாளாகும்?"

எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளுக்கு நிறம் வெளுக்க வேண்டும் என்று பயற்றமாவு தேய்த்துத் தேய்த்துத் தோலை உரித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் மகளைப் போலக் கறுப்பாக வேண்டும் என்று ஒருவன் வெயிலில் போய் நிற்பதை வாழ்நாளில் முதல் தடவையாக அன்றைக்குத்தான் பார்த்தேன். பூரணம் என்ன சொல்லப் போகிறாள் என்று வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

அவள் இன்னும் கொஞ்சம் தனக்காவை வழித்து எடுத்தாள். அவன் தோளில் பூசிக்கொண்டே சொன்னாள்.

"நான் உனக்கு ஒன்பது வருஷம் மூத்தவடா. அதான் முந்திட்டேன். நீ மெதுவா வா."

அந்தக் கணக்கு அவனுக்குச் சரியாகப் பட்டது. மறுபடி வெயிலில் போய் நிற்கவில்லை.